கோபுரம் எங்கே நிற்க வேண்டும்?
கையடக்கத் தொலைபேசி வலையமைப்பு: எமது மக்கள் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைகள்

ஆலங்குடாவில் அந்திவேளையில் கடற்கரைக்குப் போகின்றவர்கள் எல்லோரும் காற்று வாங்கப் போகின்றவர்கள் அல்லர். தென்னந்தோப்பைக் கடந்து மணலில் நின்று, தொலைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் நடப்பவர்களை நாம் பல தடவை கண்டிருக்கின்றோம். அப்படி நின்ற தாய் ஒருவர் ஒருநாள் எம்மிடம் கேட்டார்: "ஃபாதர், போனில மூண்டு கோடு நிக்குது. ஆனா அவர்ட சத்தம் விட்டு விட்டுத்தான் கேக்குது. பழுது என்ட போனிலயா, இந்த ஊரிலயா, இல்லாட்டி அவர் இருக்கிற முசலியிலயா?"

அவருடைய கணவர் முசலியில் பழைய காணியைத் துப்புரவு செய்து பயிர் செய்கின்றார். தாயும் பிள்ளைகளும் பாடசாலைக்காக இங்கே இருக்கின்றார்கள். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு இக்கரைக்கு வந்த குடும்பங்களில், 2009 க்குப் பின்னர் இவ்வாறு இரண்டாகப் பிரிந்து வாழ்கின்ற வீடுகள் பல. நெல்லுக்கு எப்போது மருந்து அடிப்பது, மகளுக்குக் காய்ச்சல் விட்டதா, காணி அலுவலர் எந்த நாளில் வரச் சொன்னார் என்ற எல்லாமே அந்தச் சிறிய கருவியின் வழியாகத்தான் போய் வருகின்றன. அது அறுந்தால் குடும்பமே ஓரிரவு அறுந்தது போலத்தான்.

அத்தாயின் கேள்விக்கு எம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. எமக்குக் குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்பித்தார்கள். கோபுரத்தைப் பற்றிக் கற்பிக்கவில்லை. பின்னர் தெரிந்தவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் நாம் அறிந்துகொண்டவற்றை இங்கே எளிய முறையில் தருகின்றோம். ஒரு கிணறு எப்படி ஊறுகின்றது என்று அறிந்த விவசாயிக்கு இது விளங்காத விடயம் அல்ல.

ஒரே ஒரு பெரிய கோபுரம் போதாதா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். ஆலங்குடாவிலிருந்து முசலிக்குப் பேசும்போது எமது குரல் வில்பத்துக் காட்டுக்கு மேலாக ஆகாயத்தில் பறந்து செல்வதில்லை. அது எமது தொலைபேசியிலிருந்து அருகிலுள்ள கோபுரம் வரை மட்டுமே அலையாகச் செல்கின்றது. அங்கிருந்து கண்ணாடி இழை வடம் மூலமாகவோ, கோபுரத்திற்குக் கோபுரம் வட்டத் தட்டுகளின் மூலமாகவோ நிறுவனத்தின் இணைப்பு நிலையத்தை அடைகின்றது. பின்னர் முசலிப் பக்கத்துக் கோபுரத்திற்குச் சென்று, கடைசியாக அங்குள்ள தொலைபேசிக்கு மீண்டும் அலையாக இறங்குகின்றது. ஆகவே பழுது மூன்று இடங்களில் ஏற்படலாம்: எமது பக்கத்து அலையில், இடையிலுள்ள பாதையில், அவர் பக்கத்து அலையில்.

அப்படியானால் மிக உயரமான, மிகப் பலமான ஒரே கோபுரத்தை நடுவில் கட்டினால் என்ன? உலகம் முதலில் அதைத்தான் செய்தது. அமெரிக்காவில் 1946 இல் சென் லூயிஸ் நகரில் கார்த் தொலைபேசிச் சேவை தொடங்கியது. நகரத்துக்கு ஒரு பெரிய பரப்பி. அதற்குச் சில அலைவரிசைகள். ஓர் அலைவரிசையில் ஒருவர் பேசும்போது நகரம் முழுவதிலும் வேறு எவரும் அதைப் பயன்படுத்த முடியாது. இத்தகைய முறையில் நியூயோர்க் நகரில் 2,000 வாடிக்கையாளர் 12 அலைவரிசைகளைப் பங்கிட வேண்டியிருந்தது. ஓர் அழைப்பை எடுக்க அரை மணி நேரம் காத்திருப்பது வழக்கமாயிற்று.

அலைவரிசை என்பது நிலத்தைப் போன்றது. இறைவன் தந்த அளவுதான் உண்டு. புதிதாக உண்டாக்க முடியாது. வானொலிக்கும், தொலைக்காட்சிக்கும், கப்பலுக்கும், விமானத்துக்கும், பாதுகாப்புக்கும் பிரித்துக் கொடுத்த பின் எஞ்சுவதே தொலைபேசிக்கு. இந்தச் சிறு காணியில் எப்படி இலட்சக் கணக்கானோரைக் குடியமர்த்துவது?

கலம் என்ற எண்ணம்

இதற்கான விடையை 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டக்ளஸ் றிங் என்ற பொறியியலாளர், றே யங் என்பவரின் துணையோடு எழுதிய குறிப்பொன்றில் வைத்தார். ஒரு பெரிய கோபுரத்துக்குப் பதிலாகப் பல சிறிய கோபுரங்களை அமைப்பது. ஒவ்வொன்றின் சத்தத்தையும் குறைத்துவைப்பது. தூரத்திலுள்ள கோபுரங்கள் அதே அலைவரிசையை மீண்டும் பயன்படுத்துவது என்பதே அந்த எண்ணம். ஒரு கோபுரம் ஆளும் சிறு பரப்பையே கலம் என்கின்றோம்.

இதை ஒலிபெருக்கியை வைத்து விளங்கிக்கொள்ளலாம். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் பள்ளிவாசலிலும், ஆலயத்திலும், கோயிலிலும் ஒரே நேரத்தில் ஒலிபெருக்கி போட்டால் ஒன்றும் விளங்காது. ஆனால் ஆலங்குடாவில் பேசுவதும், பாலாவியில் பேசுவதும் ஒன்றையொன்று குழப்புவதில்லை. தூரம் அவற்றைப் பிரித்துவிடுகின்றது. ஆகவே அயல் ஊர்களுக்கு வேறு வேறு அலைவரிசை. தூரத்து ஊருக்கு மீண்டும் அதே அலைவரிசை.

பொறியியலாளர் படம் வரையும்போது கலங்களைத் தேன்கூட்டுக் கண்களைப் போல அறுகோணமாக வரைவார்கள். வட்டங்களை அடுக்கினால் இடையில் வெளி விழும், அல்லது ஒன்றின் மேல் ஒன்று ஏறும். முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி அடுக்கலாம். இவற்றுள் வட்டத்துக்கு மிகக் கிட்டியது அறுகோணம். ஆகவே குறைந்த கோபுரங்களால் கூடிய பரப்பை மூடலாம். ஆனால் நிலத்தில் எந்தக் கலமும் அறுகோணமாக இருப்பதில்லை. பனையும், கட்டிடமும், மேடும் பள்ளமும் அதன் ஓரத்தைக் கிழித்துவிடும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். இலங்கைக்கு 1995 இல் வந்த ஜிஎஸ்எம் முறையின் 900 மெகாஹேட்ஸ் பகுதியில் 124 அலைவரிசைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர் முறை வைத்துப் பேசலாம். வாய்க்காலில் முறைத் தண்ணீர் பாய்ச்சுவதைப் போல ஒவ்வொருவருக்கும் ஒரு கண நேரம் திறந்து மூடப்படும். அது மிக விரைவாக நடப்பதால் பேசுகிறவருக்குத் தெரிவதில்லை. நாடு முழுவதற்கும் ஒரே கோபுரம் என்றால் 124 x 8, அதாவது 992 பேர் மட்டுமே ஒரே நேரத்தில் பேசலாம். அதே 124 ஐ ஏழு கலங்களுக்குப் பங்கிட்டு, அந்த ஏழு கலக் கூட்டத்தை 100 இடங்களில் திரும்பத் திரும்ப அமைத்தால் 99,200 பேர் பேசலாம். ஓர் அலைவரிசைகூடக் கூடவில்லை. ஒழுங்குதான் கூடியது. (கட்டுப்பாட்டுத் தேவைக்காகச் சில முறைகள் ஒதுக்கப்படுவதால் உண்மையான தொகை இதிலும் சற்றுக் குறையும்.)

ஏழு கலக் கூட்டமாக அமைக்கும்போது, ஒரே அலைவரிசையைப் பாவிக்கும் இரு கோபுரங்களுக்கிடையே கலத்தின் ஆரையைப் போல ஏறத்தாழ 4.6 மடங்கு தூரம் இருக்கும். கலத்தின் ஆரை 5 கிலோமீற்றர் என்றால், அதே அலைவரிசை ஏறத்தாழ 23 கிலோமீற்றருக்கு அப்பால் மீண்டும் வரலாம். மக்கள் பெருகினால் ஆரையைப் பாதியாக்கிக் கோபுரங்களை நான்கு மடங்காக்கலாம். நகரங்களில் கோபுரங்கள் நெருக்கமாகவும் கிராமங்களில் தூரமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். பின்னர் வந்த முறைகளில், குறிப்பாக நான்காம் தலைமுறையில், எல்லாக் கலங்களும் ஒரே அலைவரிசையைப் பாவித்துக் குழப்பத்தை வேறு வழிகளில் கட்டுப்படுத்துகின்றன. என்றாலும் கலம் என்ற அடிப்படை மாறவில்லை.

எமது கரையின் அமைப்பு

கற்பிட்டிக் குடாநாடு ஒரு நீண்ட ஒடுங்கிய மணல் திடல். ஒரு புறம் கடல், மறுபுறம் களப்பு. இங்கே தேன்கூட்டைப் போலக் கோபுரம் அடுக்க முடியாது; பாலாவியிலிருந்து கற்பிட்டி வரையான வீதியோடு ஒரு சரமாகத்தான் கோர்க்க வேண்டும். பொதுவாக ஒரு கோபுரத்தில் மூன்று திசைகளுக்கு மூன்று தொகுதி அன்ரெனாக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 120 பாகை அகலத்தைப் பார்க்கும். அவற்றை வீதியின் இரு பக்கமும் திருப்புவதா, கடலை நோக்கித் திருப்புவதா என்பது ஒரு தீர்மானம். அத்தீர்மானத்தில் மீனவரின் உயிரும் அடங்கியிருக்கின்றது.

தூரத்தைத் தீர்மானிப்பவை நான்கு. முதலாவது உயரம். பூமி வளைந்தது, 50 மீற்றர் உயரக் கோபுரம் மனிதன் காதோடு பிடித்த தொலைபேசியை, இடையில் தடையில்லாவிட்டால், ஏறத்தாழ 34 கிலோமீற்றர் வரைதான் பார்க்க முடியும். இரண்டாவது மீடிறன். 900 மெகாஹேட்ஸ் அலை 1800 அல்லது 2100 அலையைவிடத் தூரம் செல்லும். சுவரையும் மரத்தையும் ஓரளவு தாண்டும். மூன்றாவது தடை. அடர்ந்த தென்னந்தோப்பும், ஈரமான இலையும், தகரக் கூரையும் அலையைத் தின்றுவிடும். வெட்டவெளியான கடற்கரையில் பேச்சுக் கேட்பதும், தகரக் கூரையின் கீழ் கேளாமல் போவதும் இதனால்தான். நான்காவது நேரம். ஜிஎஸ்எம் முறையில் ஒவ்வொருவருக்கும் முறை உண்டு என்றோம் அல்லவா? 35 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வரும் அலை தாமதித்து வந்து மற்றவருடைய முறையில் விழுந்துவிடும். ஆகவே சாதாரண ஜிஎஸ்எம் கோபுரத்துக்கு அதுவே எல்லை. ஆழ்கடல் செல்லும் தம்பிமார் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். கையடக்கத் தொலைபேசி கடற்பயண வானொலிக் கருவிக்கு மாற்று அல்ல.

நீரின் மேல் அலை எளிதாகச் செல்லும். களப்புக்கு அப்பாலுள்ள கோபுரத்தின் அலை எமது திடலுக்கு வந்துசேரக்கூடும். அப்போது எமது தொலைபேசி பக்கத்துக் கோபுரத்தை விட்டுத் தூரத்துக் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளும்; கோடுகள் தெரியும், பேச்சு நிலைக்காது.

இங்கேதான் அத்தாயின் கேள்விக்கு ஒரு பாதி விடை இருக்கின்றது. திரையில் தெரியும் கோடுகள், கோபுரத்தின் குரலை எமது தொலைபேசி எவ்வளவு நன்றாகக் கேட்கின்றது என்பதையே காட்டுகின்றன. எமது தொலைபேசியின் குரலைக் கோபுரம் கேட்கின்றதா என்பதைக் காட்டுவதில்லை. கோபுரம் ஓர் அலைவரிசைக்கு 20 முதல் 40 வோற் வரை பலத்தோடு பேசலாம். ஜிஎஸ்எம் கைத்தொலைபேசியின் உச்ச பலமோ 900 மெகாஹேட்ஸில் 2 வோற்தான். ஒலிபெருக்கியில் பேசுகின்றவருக்கு வெறும் வாயால் பதில் சொல்வது போன்றது இது. ஆகவே நல்ல வடிவமைப்பாளர் எமது பலவீனமான குரலை அளவாக வைத்தே கலத்தின் எல்லையை வரைவார்.

பவுசரும் குழாயும்

மறுபாதி விடை கூட்டத்தில் இருக்கின்றது. முகாம் நாட்களில் தண்ணீர்ப் பவுசர் வந்தது எமது மக்களுக்கு மறந்திருக்காது. பவுசர் நிறையத் தண்ணீர் இருந்தாலும் குழாய் இரண்டு என்றால் வரிசை நீளும். கோபுரமும் அப்படியே. எத்தனை குழாய் வைத்தால் எத்தனை பேர் காத்திருக்காமல் போகலாம் என்ற கணக்கை, கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த டென்மார்க் கணித அறிஞர் ஏர்லாங் 1917 இல் வெளியிட்டார். இன்றும் வலையமைப்பை வடிவமைப்போர் அவர் பெயரையே அளவாகக் கொள்கின்றனர். ஒரு வழி ஒரு மணி நேரம் முழுவதும் பேச்சில் இருந்தால் அது ஓர் ஏர்லாங்.

ஜிஎஸ்எம் கோபுரத்தின் ஒரு திசைக்கு ஓர் அலைவரிசை கொடுத்தால், எட்டு முறையில் ஒன்று கட்டுப்பாட்டுக்குப் போக ஏழு எஞ்சும். நூறு அழைப்பில் இரண்டு மட்டுமே தடைப்படலாம் என்று வைத்தால், அந்த ஏழு வழிகள் 2.94 ஏர்லாங் சுமையைத் தாங்கும். நெரிசலான மணி நேரத்தில் ஒவ்வொருவரும் ஒன்றரை நிமிடம் பேசினால் ஏறத்தாழ 117 பேருக்குப் போதும். இரண்டு அலைவரிசை கொடுத்தால் 14 வழிகள், அவை 8.2 ஏர்லாங்கைத் தாங்கும். 328 பேருக்குப் போதும். கவனியுங்கள்: வழியை இரு மடங்காக்கினால் பயன் ஏறத்தாழ மூன்று மடங்காகின்றது. தனித்தனிக் கிணறுகளைவிடப் பொதுக் கிணறு சிக்கனமானது என்ற எமது கூட்டுறவுப் பாடம் இங்கேயும் பொருந்துகின்றது.

தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் ஓகஸ்ட் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுவதும் அமைதியான ஊரில் சில நாட்களுக்கு இலட்சக் கணக்கானோர் கூடுகின்றனர். சாதாரண நாளுக்காகக் கட்டிய வலையமைப்பு அங்கே திணறத்தான் செய்யும். இத்தகைய கூட்டங்களுக்கு வாகனத்தில் ஏற்றிய தற்காலிகக் கோபுரங்களைக் கொண்டுவருவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆனால் முகாமும் மீள்குடியேற்றமும் அப்படியல்ல. ஓர் ஊரின் சனத்தொகை ஒரே மாதத்தில் இரட்டித்தாலும் அது திருவிழா அல்ல. அவர்கள் மாலையில் கலைந்து போவதில்லை. எவரும் கணக்கெடுத்துச் சொல்லாவிட்டால் வடிவமைப்பாளர் பழைய தொகையையே வைத்துக் கணக்கிடுவார்.

இரண்டு பதிவேடுகள்

எம்மை மிகவும் சிந்திக்க வைத்த பகுதி இதுதான். ஒருவர் எந்த ஊரில் நின்றாலும் அவருடைய இலக்கத்துக்கு அழைப்பு எப்படிப் போய்ச் சேருகின்றது? வலையமைப்பில் இரு வகைப் பதிவேடுகள் உண்டு. ஒன்று வீட்டுப் பதிவேடு. எமது இலக்கம், எமக்குரிய சேவைகள் எல்லாம் அதில் நிரந்தரமாக இருக்கும். மற்றது வருகையாளர் பதிவேடு. நாம் புதிய பகுதிக்குச் சென்றவுடன் தொலைபேசி தானாகவே அங்குள்ள பதிவேட்டில் தன்னைப் பதிந்துகொள்ளும். அப்பதிவேடு உடனே வீட்டுப் பதிவேட்டுக்கு "உங்கள் ஆள் இப்போது எங்களிடம் இருக்கின்றார்" என்று அறிவிக்கும். எவராவது எம்மை அழைத்தால், வீட்டுப் பதிவேடு வழிகாட்ட, அப்பகுதியிலுள்ள கோபுரங்கள் எல்லாம் சேர்ந்து எமது இலக்கத்தைக் கூப்பிடும். எமது தொலைபேசி "இதோ இருக்கின்றேன்" என்று பதில் சொல்லும்.

பேருந்தில் பேசிக்கொண்டே போகும்போது ஒரு கோபுரம் எம்மை மற்றக் கோபுரத்திடம் கையளிக்கும். இரண்டு கலங்களும் ஓரத்தில் ஒன்றின் மேல் ஒன்று சற்றுப் படிந்திருந்தால்தான் இக்கைமாற்றம் நிகழும். காட்டுப் பகுதியில் கோபுரம் அருமை; ஏற்பதற்கு ஒருவர் இல்லாதபோது பேச்சு அறுந்துவிடும்.

ஒரு தொலைபேசிக்கு வந்த இடத்திலும் பதிவு உண்டு. சொந்த இடத்திலும் பதிவு அழிவதில்லை. "அங்கேயா இங்கேயா, ஒன்றைச் சொல்" என்று எவரும் அதை மிரட்டுவதில்லை. ஆனால் எமது மக்கள் வாக்காளர் இடாப்புக்கும், பங்கீட்டு அட்டைக்கும், பாடசாலை அனுமதிக்கும், காணிக்கும் மூன்று தசாப்தங்களாக இக்கேள்வியைக் கேட்டே களைத்துப்போனார்கள். ஓர் இயந்திரத்துக்குச் செய்து கொடுக்க முடிந்த ஒழுங்கை மனிதருக்குச் செய்து கொடுக்க முடியாதா என்று நாம் கேட்காமல் இருக்க முடியாது.

எமது நாட்டில்

தென்னாசியாவின் முதலாவது கையடக்கத் தொலைபேசி வலையமைப்பு 1989 இல் செல்ரெல் என்ற பெயரில் எமது நாட்டில்தான் தொடங்கியது. 1995 இல் டயலொக் ஜிஎஸ்எம் சேவையைத் தொடங்கியது. 2006 இல் மூன்றாம் தலைமுறையும், 2013 இல் நான்காம் தலைமுறையும் வந்தன. செல்ரெல் பல கை மாறி, 2018 இல் ஹட்ச் நிறுவனத்தோடு இணைந்தது. எயார்டெல் 2024 இல் டயலொக்குடன் இணைந்தது. இன்று டயலொக், எஸ்எல்ரி-மொபிடெல், ஹட்ச் ஆகிய மூன்றும் இருக்கின்றன. இவற்றை மேற்பார்வை செய்வது 1996 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு.

தொலைபேசி ஆடம்பரம் அல்ல என்பதற்குக் கேரளக் கரையில் நல்ல சான்று உண்டு. 1997 தொடக்கம் 2001 வரையில் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் கோபுரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றின் அலை கடலுக்குள் 20, 25 கிலோமீற்றர் வரை சென்றது. பொருளியலாளர் றொபேட் ஜென்சன் மத்தி மீனின் விலையை அந்த ஆண்டுகளில் தொடர்ந்து அளந்து, 2007 இல் தமது ஆய்வை வெளியிட்டார். கோபுரம் வருமுன், ஒரு துறையில் வாங்க ஆளின்றி மீனைக் கொட்டுவார்கள்; சில கிலோமீற்றருக்கு அப்பால் மீனின்றி வியாபாரிகள் திரும்பிப் போவார்கள். தொலைபேசி வந்த பின் துறைக்குத் துறை விலை ஏறக்குறைய ஒன்றாயிற்று. மீன் வீணாவது நின்றது. மீனவரின் இலாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குவோரின் விலை 4 சதவீதம் குறைந்தது. கற்பிட்டியில் சின்ன வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டு, தம்புள்ளை விலை தெரியாமல் தோட்டத்திலேயே விற்றுவிடும் எமது விவசாயிகளுக்கு இதில் பாடம் உண்டு.

இன்னொரு பாடத்தை 2022 கற்பித்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை நீடித்தது. கோபுரங்களில் சில மணி நேரத்துக்கே பற்றறி உண்டு, அதற்குப் பின் மின்பிறப்பாக்கி வேண்டும், டீசலோ இல்லை. கோபுரம் நின்றாலும் அதற்கு உயிர் மின்சாரமே. ஆகவே கோபுரம் கேட்கும்போது பின்துணை மின்சாரத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கதிர்வீச்சு பற்றிய அச்சம்

கோபுரம் வேண்டும் என்று கேட்பவர்களே, அது தம் வீட்டருகில் வரும்போது அஞ்சுவதும் உண்டு. அந்த அச்சத்தை நாம் பரிகசிக்கக் கூடாது. உண்மையை அறிய வேண்டும். சர்வதேச வழிகாட்டல்களின்படி பொதுமக்கள் நிற்கும் இடத்தில் 900 மெகாஹேட்ஸ் அலையின் அளவு சதுர மீற்றருக்கு 4.5 வோற்றுக்கு மேற்படக் கூடாது. கோபுரத்தின் அலை தூரத்தோடு விரைந்து குறையும்; நிலத்தில் இருப்பவருக்கு வந்து சேர்வது பொதுவாக அந்த எல்லையில் மிகச் சிறு பங்கே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011 இல் இவ்வலைகளை "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற வகையில் சேர்த்தது. காதோடு சேர்த்து அதிகம் பேசுவோர் பற்றிய, முடிவுக்கு வராத சான்றுகளே அதற்கு முக்கிய காரணம். இன்னொன்றையும் அறிய வேண்டும்: கோபுரம் தூரமானால் எமது தொலைபேசி தன் பலத்தைக் கூட்டியே பேசும். நன்றாக அமைந்த கோபுரம் அருகில் இருந்தால் காதருகே உள்ள அலை குறையும்.

நாம் செய்யக்கூடியவை

அத்தாயின் கேள்விக்குத் திரும்புவோம். அவரும் வேறு சில குடும்பங்களும் இரு வாரங்கள் ஒரு பயிற்சிக் கொப்பியில் குறித்துவைத்தார்கள். நாள், நேரம், நின்ற இடம், எத்தனை கோடு, அழைப்பு எடுபட்டதா, இடையில் அறுந்ததா என்று எழுதினார்கள். முசலியில் இருந்தவர்களும் அவ்வாறே எழுதினார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது விடயம் தெளிவாயிற்று. ஆலங்குடாவில் பகலில் பேச்சுத் தடையில்லை. இரவு ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையிலேதான் தொல்லை. அது நெரிசல், குழாய் போதாது. முசலிப் பக்கத்திலோ எந்த நேரமும் ஒரு கோடுதான். வயலில் அதுவும் இல்லை. அது தூரம், கோபுரமே போதாது. ஒரே கணவன் மனைவியின் ஒரே உரையாடலை இரண்டு வெவ்வேறு நோய்கள் அறுத்தன. "சிக்னல் இல்லை" என்று மட்டும் முறையிட்டிருந்தால் இரண்டுக்குமே மருந்து கிடைத்திராது.

ஆகவே சங்கங்களுக்கு எமது ஆலோசனை இதுவே:

1. முறையிடுமுன் குறித்துவையுங்கள். எல்லா நேரமும் கெட்டிருந்தால் அலை எட்டவில்லை. மாலையில் மட்டும் கெட்டால் நெரிசல். மின்வெட்டின்போது மட்டும் கெட்டால் பற்றறி.

2. வேறு நிறுவனத்தின் சிம் அட்டையைப் போட்டு அதே இடத்தில் சோதியுங்கள். வேறு தொலைபேசியிலும் சோதியுங்கள். அப்போது பழுது கருவியிலா வலையமைப்பிலா என்பது தெரியும்.

3. குடும்பத் தொகையை எழுதிக் கொடுங்கள். மீளக் குடியமர்ந்தவர்கள், போய் வருகின்றவர்கள், பருவகாலத்தில் வருகின்றவர்கள் எத்தனை பேர் என்று கிராம சேவகரின் உறுதிப்படுத்தலோடு காட்டுங்கள். நிறுவனம் வாடிக்கையாளரைத் தேடுகின்றது. எம்மை எண்ணிக் காட்டுவது எமது கடமை.

4. ஒரே கடிதத்தின் பிரதிகளை நிறுவனத்துக்கும், பிரதேச சபைக்கும், ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். தனி ஆளாக அல்ல, சங்கமாக அனுப்புங்கள்.

5. கோபுரத்துக்குக் காணி கேட்டு வந்தால் அவசரப்பட்டுக் கையொப்பமிட வேண்டாம். இவை நீண்டகாலக் குத்தகைகள். அனுமதிப்பத்திரத்தில் அல்லது பிறர் காணியில் இருப்பவர்கள் குத்தகை எழுதினால் பின்னர் இருந்த இடத்தையும் இழக்க நேரலாம். சட்டம் தெரிந்த ஒருவர் வாசித்துச் சொன்ன பின்னரே ஒப்பமிடுங்கள்.

2021 இல் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடியிருந்தபோது, இந்நாட்டின் மலைக் கிராமங்களில் பிள்ளைகள் பாடத்துக்காக மரத்திலும் பாறையிலும் ஏறினார்கள். அந்தப் படங்கள் வெளிவந்த பின்னரே பலருக்கு அவ்வூர்களின் பெயர் தெரியவந்தது. எமது ஊரின் பெயர் அப்படித் தெரியவர வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பேனாவும் ஒன்றுகூடிய சங்கமும் இருந்தால் முன்னரே சொல்லிவிடலாம்.

கொப்பியோடு கூடிய முறையீடு இரு ஊர்களின் பெயராலும் அனுப்பப்பட்டுள்ளது. பதில் இன்னும் வரவில்லை. அத்தாய் இப்போதும் அந்தியில் கடற்கரைக்கு வருகின்றார்; ஆனால் ஏழு மணிக்கு முன்னரே வந்துவிடுகின்றார். குழாயில் கூட்டம் கூடுமுன் குடத்தை வைப்பது முகாமில் கற்ற பாடம்தானே என்று சிரிக்கின்றார். அவர் காத்திருக்கட்டும், ஆனால் தனியாகக் காத்திருக்க விடமாட்டோம். வருகின்ற காலாண்டில் முறையீட்டின் நிலையை இப்பக்கத்திலேயே அறியத் தருவோம். மற்ற ஊர்களும் தத்தம் கொப்பியைத் தொடங்கட்டும்.